சட்ட உதவி கேட்க சம்பள வரம்பு என்ன? எந்த வழக்குக்கு எந்தக் கதவு?

செந்தூல்_அடுக்குமாடி கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்காவுக்காகக் கேட்கிறேன்.

நிலைமை இதுதான். அடிப்படைச் சம்பளம் மாதம் 2,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). சில மாதம் ஓவர்டைம் கூட வரும். பிள்ளைகள் இருவர், 15 வயது, 11 வயது. கணவர் விட்டுப் போய் மூன்று வருஷம். பினாங்கில் பிறை என்ற ஊரில் லாரி ஓட்டுவதாகக் கேள்வி. வீட்டு முகவரி தெரியாது, பழைய கைப்பேசி எண் எப்போதாவது எடுக்கும். கல்யாணம் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவுத் துறை) பதிவு செய்தது. விவாகரத்தும் பிள்ளைகளுக்கு நஃப்காவும் (பராமரிப்புப் பணம்) வேண்டும்.

கேள்விகள்: ஒன்று, இந்தச் சம்பளத்துக்கு அரசாங்க சட்ட உதவி கிடைக்குமா? ஒரு பழைய பிரசுரத்தில் வருஷம் 25,000 வெள்ளி என்று போட்டிருக்கிறது, இவருக்கு 28,800 வருகிறது. இரண்டு, கணவர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்களா? மூன்று, இவர் பெயரில் ஒரு மைவி கார் இருக்கிறது, ஓட்டுவது கணவர். அது "சொத்து" ஆகிவிடுமா?

இதோடு இன்னொன்று. அந்த அக்காவின் தம்பியை (20 வயது) நேற்று ராத்திரி பட்டர்வொர்த்தில் போதைப்பொருள் கேஸில் பிடித்திருக்கிறார்கள். அதற்கும் அதே இடத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டுமா?

---

டூத்தா_படிக்கட்டு:

கடைசிக் கேள்விதான் அவசரம். தம்பி விஷயத்துக்கு அதே இடம் கிடையாது, இன்றைக்கே பார்க்க வேண்டியது. பினாங்கு ஆட்கள் யாராவது கீழே விவரமாக எழுதுவார்கள். நான் அக்கா விஷயத்தை எடுக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "லீகல் எய்டு" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று தனித்தனி இடங்கள். சட்ட உதவித் துறை (ஜேபிஜி) அரசாங்கத் துறை. 1971-ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின்படி நடக்கிறது. குடும்பம், வாரிசு, விபத்து இழப்பீடு, வாடகை, ஷரியா வழக்குகள் எல்லாம் அங்கே. தேசிய சட்ட உதவி அறவாரியம் (ஒய்பிஜிகே) குற்றவியல் வழக்குக்கு மட்டும். பணம் மத்திய அரசாங்கத்துடையது, வழக்கை நடத்துவது தனியார் வழக்கறிஞர்கள். 2012 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. மூன்றாவது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள். அது அரசாங்கப் பணமே இல்லை, வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் தங்கள் கையிலிருந்து கட்டும் தொகையில் ஓடுகிறது. கேஎல்லில் (கோலாலம்பூர்) ஒன்று, பினாங்கில் ஒன்று, மற்ற மாநிலங்களிலும் உண்டு.

மூன்றுக்கும் வரம்பு வேறு, கணக்குப் போடும் விதமும் வேறு. ஓர் இடத்தில் "தகுதி இல்லை" என்றால் மற்ற இரண்டிலும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. ஆனால் பெரும்பாலும் ஜனங்கள் தப்பான கதவைத் தட்டி, முதல் பதிலிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கவுண்டரில் இருப்பவர் "இங்கே இந்த வழக்கு எடுப்பதில்லை" என்று சொன்னதை "உனக்கு உதவி கிடையாது" என்று கேட்டுக்கொள்வது வாடிக்கை.

வரம்பு: நீங்கள் பார்த்த 25,000 ஜேபிஜியின் பழைய கணக்கு. அப்போது வருஷ வருமானம் 25,000 வரை இலவசம், 25,000 முதல் 30,000 வரை 300 வெள்ளி பங்களிப்பு. அதன்பின் வரம்பை உயர்த்திவிட்டார்கள். பழைய பிரசுரத்தைப் பார்த்து இவர் தானாகவே ஒதுங்கிவிட வேண்டாம், இன்றைய தொகையைக் கிளையில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய கணக்கிலேயே 28,800 என்பது "கிடையாது" இல்லை, "300 கட்டினால் உண்டு". பங்களிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் தகுதி போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். இதே வழக்கை வெளியே ஒரு லாயரிடம் கொடுத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் 300 என்ன கணக்கு?

வழக்கறிஞர் மன்றத்து மையம் மொத்தச் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. செலவு போக மாதம் கையில் நிற்பது எவ்வளவு என்றுதான் பார்க்கும். நீண்ட காலம் அங்கே வைத்திருந்த அளவு: தனி ஆளுக்கு மாதம் 650, மணமானவர்களுக்கு இருவருக்கும் சேர்த்து 900. இந்த அக்காவுக்கு அந்தக் கணக்கு எப்படி விழும் என்று போட்டுக் காட்டுகிறேன்.

அடிப்படை 2,400. இபிஎஃப் (சேமநிதி) 11 விழுக்காடு, அதாவது 264 போனது. பெர்கேசோவும் (சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும் சேர்ந்து சுமார் 16. கைக்கு வருவது 2,120. இதில் வாடகை 600, தண்ணீர் கரண்ட் 150, இரண்டு பிள்ளைக்கும் ஸ்கூல் வேன் 160, மளிகை சாப்பாடு 700, மோட்டார் தவணை 130, போன் 60 என்று வையுங்கள். மொத்தம் 1,800. மிச்சம் 320. 650-க்குள் தாராளமாக வருகிறது. பார்த்தீர்களா, ஒரே ஆள், ஒரே சம்பளம். ஒரு கணக்கில் எல்லைக்கோட்டில் நிற்கிறார், இன்னொன்றில் பாதியைக் கூடத் தொடவில்லை.

ஆனால் அந்த 1,800-க்குக் காகிதம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் இல்லையென்றால் வீட்டுக்காரருக்கு மாதாமாதம் அனுப்பிய டிரான்ஸ்ஃபர் போதும். வேன்காரர் ரசீது தரமாட்டார், வாட்ஸ்அப்பில் "இந்த மாசம் 160 கிடைச்சுது" என்று அவர் போட்டதைப் பிரின்ட் எடுங்கள். ஆலோங்கிடம் (வட்டி முதலை) வாங்கிய கடனுக்குக் கட்டுவதைச் செலவு என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள், அதற்குக் காகிதமே இருக்காது.

ஓவர்டைம்: இதுதான் பலரை வழுக்கிவிடும் இடம். படிவத்தில் 2,400 என்று எழுதிவிட்டு, இணைத்த சம்பளச் சீட்டில் 2,910 இருந்தால், பொய் என்று யாரும் சொல்லாவிட்டாலும் அந்த விண்ணப்பம் ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு சீட்டை மட்டும் கொடுக்காமல் சில மாதச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்து, "அடிப்படை 2,400, ஓவர்டைம் மாதாமாதம் மாறும், 12 மாத மொத்தம் இவ்வளவு" என்று தனி வரியில் எழுதுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பெரிய தொகை ஒன்று வந்திருந்தால் (இபிஎஃப்பில் எடுத்தது, சீட்டுப் பணம், அண்ணன் கொடுத்த கடன்) அந்த வரிக்குப் பக்கத்திலேயே பேனாவால் குறித்துவிடுங்கள். அதிகாரி கேட்பதற்கு முன் நீங்கள் சொன்னால் அது விளக்கம், கேட்ட பிறகு சொன்னால் சமாளிப்பு.

கணவர் சம்பளம்: வழக்கே அவர் மேல்தான். அதைப் படிவத்தின் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதுங்கள். "மணமானவர்" என்ற கட்டத்தில் மட்டும் டிக் போட்டுவிட்டு விட்டால் கணவர் சம்பளச் சீட்டு எங்கே என்று கேள்வி வரும். பிரிந்த தேதி, அன்றிலிருந்து பணம் வரவில்லை என்பதற்கு அந்தக் காலத்து ஸ்டேட்மென்ட், பிரிந்த சமயத்தில் போலீஸ் ரிப்போர்ட் ஏதாவது செய்திருந்தால் அதன் நகல். இது போதும்.

மைவி: மறைக்கவே கூடாது. கார் யார் பெயரில் என்பது ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) தெரிந்துவிடும். காரின் பதிவு விவரம், பேங்க் லோன் பாக்கி எவ்வளவு என்ற ஸ்டேட்மென்ட் இரண்டையும் வைத்து, கார் கணவர் கையில் இருக்கிறது என்று எழுதினால், அது சொத்தாக நிற்பதைவிடக் கடனாகவே நிற்கும். தவணை கட்டாமல் கிடந்தால் அதையும் சொல்லுங்கள். பேரை இரவல் கொடுத்து எடுத்த காருக்கு பேங்க் தேடி வருவது பேருக்கு உரியவரைத்தான், ஓட்டுகிறவரை அல்ல. அந்தக் கடிதம் வந்தால் அது இன்னொரு வழக்கு, அதற்கும் ஆலோசனை கேட்கலாம்.

---

லைட்தெரு_காலை:

தம்பி விஷயம். சுருக்கமாக முதலில்: பிடிபட்ட கட்டத்திலும் ரிமாண்ட் (விசாரணைக்காகக் காவலில் வைக்கும்) கட்டத்திலும் ஒய்பிஜிகே வருமானம் பார்ப்பதில்லை. மலேசியக் குடியுரிமை இருந்தால் போதும். சம்பளச் சீட்டு தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே போலீஸ் ரிமாண்ட் கேட்கும். எத்தனை நாள் என்பது குற்றத்தைப் பொறுத்தது. 14 வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 வருஷமும் அதற்கு மேலும், அல்லது மரண தண்டனை உள்ளது என்றால் 7 நாளும் இன்னொரு 7 நாளும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117-ஆம் பிரிவு. லாயர் இருந்தால் "4 நாள் எதற்கு, மூத்திர டெஸ்ட் முடிந்துவிட்டது, வாக்குமூலம் எடுத்தாயிற்று, 2 நாள் போதும்" என்று கேட்க முடியும். ஆள் இல்லாவிட்டால் கேட்ட நாள் அப்படியே கிடைத்துவிட வாய்ப்பு அதிகம்.

குடும்பம் இப்போது செய்ய வேண்டியது: பாலாய்க்கு (போலீஸ் நிலையம்) போய் விசாரணை அதிகாரியின் பெயர், எந்தப் பிரிவில் பிடித்தார்கள், ரிமாண்ட் எந்தக் கோர்ட்டில், எத்தனை மணிக்கு, இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். தம்பியின் முழுப் பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் கையில் இருக்கட்டும். இதை ஒய்பிஜிகேக்கும் சொல்லுங்கள், பினாங்கு சட்ட உதவி மையத்துக்கும் சொல்லுங்கள். உறவினருக்குச் சொல்லவும் வழக்கறிஞரோடு பேசவும் 28ஏ பிரிவு உரிமை கொடுக்கிறது. டிஎஸ்பி தரத்துக்குக் குறையாத அதிகாரி சில காரணங்களுக்காக அதைத் தள்ளி வைக்கலாம். சாதாரணக் கேஸில் "இப்போ லாயர் பார்க்க முடியாது" என்று சொன்னால், எந்த அதிகாரியின் முடிவு என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

"போதைப்பொருள் கேஸ்" என்று மட்டும் சொன்னால் பதில் சொல்ல முடியாது, பிரிவு எண் வேண்டும். 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில்:

15(1)(ஏ) என்றால் உபயோகித்தது. 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 வருஷம் வரை சிறை, அதன்பின் கண்காணிப்பு. 12(2) என்றால் வைத்திருந்தது. 5 வருஷம் வரை சிறை அல்லது 100,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். 39ஏ(2) போனால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம். 39பி கடத்தல்.

இந்த எண்ணைப் பொறுத்துதான் ஜாமீனும். 5 வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள போதைப்பொருள் குற்றத்துக்கு 41பி பிரிவு ஜாமீன் கதவை மூடிவிடும். 12(2)-க்கு, அரசுத் தரப்பு எழுத்து மூலம் ஆட்சேபித்துச் சான்று வைக்காதவரை, கேட்கலாம். சட்ட உதவி ஜாமீன் பணத்தைக் கட்டாது, இது பலருக்குத் தெரியாமல் கடைசி நேரத்தில் அலைவார்கள். ஜாமீன் நிற்பவர் ஒருவர் ஐசியோடும் பணத்தோடும் கோர்ட்டில் தயாராக இருக்க வேண்டும். வழக்கமாக பேங்கில் கணக்குத் திறந்து பணத்தைப் போட்டு அந்தப் புத்தகத்தைக் கோர்ட்டில் கொடுப்பார்கள். பேங்க் மூடும் நேரத்துக்குள் முடியாவிட்டால் அன்று ராத்திரி உள்ளேதான். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்.

குற்றச்சாட்டு படித்து, தம்பி மறுத்து, விசாரணைக்குப் போகும்போதுதான் வருமானச் சோதனை வரும். 2012-இல் தொடங்கியபோது வைத்த அளவு: வருஷம் 25,000 வரை இலவசம், 25,001 முதல் 36,000 வரை 300 வெள்ளி பங்களிப்பு. இன்றைய அளவைப் படிவம் வாங்கும்போதே கேளுங்கள். பார்ப்பது தம்பியின் வருமானம். வேலை இல்லாத பையனுக்கு அக்கா சம்பளச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, இல்லாத சிக்கலை உண்டாக்க வேண்டாம்.

39பி மாதிரி மரண தண்டனை வரக்கூடிய குற்றச்சாட்டை ஒய்பிஜிகே தொடக்கத்திலேயே வெளியே வைத்துவிட்டது. பயப்பட வேண்டாம், அந்த வழக்கில் உயர்நீதிமன்றமே அரசாங்கச் செலவில் வழக்கறிஞரை நியமிக்கும்.

இன்னும் ஒன்று. 1985-ஆம் ஆண்டு சிறப்புத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறோம் என்று போலீஸ் சொன்னால் மேலே சொன்ன 4 நாள், 7 நாள் கணக்கு எதுவும் பொருந்தாது. அதில் 60 நாள் வரை வைக்கலாம். அந்தச் சொல் காதில் விழுந்தால் உடனே மையத்துக்குச் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை_ஈப்போரோடு:

இவ்வளவு சிரமம் எதற்கு? முதலாளியிடம் சொல்லி சம்பளச் சீட்டை 1,700 என்று அடித்து வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. குறைந்தபட்சச் சம்பளம் அதுதானே, வருஷத்துக்கு 20,400, எந்த வரம்பிலும் வரும்.

---

டூத்தா_படிக்கட்டு:

தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். இபிஎஃப் ஸ்டேட்மென்ட் கேட்டால் தீர்ந்தது: மாதம் 264 பிடித்தம் போயிருக்கிறது, அது 2,400-க்கு உரிய பிடித்தம், 1,700-க்கு 187தான் வரும். ஒரே நிமிஷத்தில் தெரியும். சட்ட உதவிச் சான்றிதழ் கொடுத்த பிறகு தெரிந்தால் ரத்து செய்வார்கள், பொய்த் தகவல் கொடுத்தது தனிக் குற்றம். அதைவிடப் பெரிய நஷ்டம், எதிர்த்தரப்பு லாயர் நஃப்கா விசாரணையில் "உங்கள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கும்போது எந்தக் கணக்கைச் சொல்வீர்கள்?

பிடித்தமே இல்லாமல் கையில் கூலி வாங்குகிறவர்களுக்கு நேர்மையான வழி இருக்கிறது. சத்தியப் பிரமாணம் ஆணையரிடம் போய் வருமானத்தைச் சத்தியப் பத்திரமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெங்ஹுலுவோ (வட்டாரத் தலைவர்) சட்டமன்ற உறுப்பினர் சேவை மையமோ கொடுக்கும் வருமான உறுதிக் கடிதமும் சேர்த்தால் வலு.

---

செந்தூல்_அடுக்குமாடி:

ரொம்ப நன்றி. தம்பிக்குப் பிரிவு 12(2) என்று இப்போதுதான் தெரிந்தது, அக்காவின் அம்மா பாலாய்க்குப் போயிருக்கிறார். மூத்திர டெஸ்ட்டும் எடுத்திருக்கிறார்களாம்.

அக்கா விஷயத்தில் ஒரு சந்தேகம். கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது என்று எழுதினால் ஜேபிஎன் சமரசக் குழுவுக்குப் போக வேண்டாம், நேரடியாக விவாகரத்துப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படி எழுதலாமா?

---

லைட்தெரு_காலை:

12(2) என்றால் முதல் ரிமாண்ட் 4 நாளைத் தாண்டாது. 15(1)(ஏ) பின்னால் சேர்ந்தே வரலாம், இரண்டு குற்றச்சாட்டு என்று திகைக்க வேண்டாம். "ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும்" என்று லோக்காப்பில் சக கைதிகள் சொல்லிக்கொடுப்பார்கள். ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை லாயரோடு பேசிய பிறகு முடிவு செய்யட்டும். கெமிஸ்ட் ரிப்போர்ட் வருவதற்கு முன் எடை என்ன, பொருள் என்ன என்பதே உறுதி இல்லை.

---

நடைபாதை_மனு:

குடும்ப வழக்குப் பக்கம் நான் எழுதுகிறேன்.

1976-ஆம் ஆண்டு திருமணம் விவாகரத்துச் சட்டம் 106-ஆம் பிரிவு: ஒருதலை மனு போடுவதற்கு முன் சமரசக் குழுவுக்குப் போயாக வேண்டும். விலக்குகளில் ஒன்று, கணவர் கைவிட்டுப் போய், இருக்குமிடம் தெரியாமல் இருப்பது. உங்கள் அக்காவுக்கு அவர் பிறையில் லாரி ஓட்டுகிறார் என்று தெரியும், போன் சில சமயம் எடுக்கிறது. இதை வைத்துக்கொண்டு "தெரியாது" என்று எழுதினால், அவர் ஒருநாள் கோர்ட்டுக்கு வந்து போன் அழைப்புப் பதிவைக் காட்டினால் மனு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். குழுவுக்கே போங்கள். அழைப்பு அனுப்பியும் அவர் வேண்டுமென்றே வராவிட்டால் அதுவும் சட்டத்தில் உள்ள இன்னொரு விலக்குதான். குழுவுக்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. சமரசம் ஆகவில்லை என்று குழு கொடுக்கும் சான்றிதழ் கைக்கு வரும்வரை சட்ட உதவி அதிகாரியாலும் மனு போட முடியாது. அதனால் ஜேபிஎன் விண்ணப்பமும் ஜேபிஜி விண்ணப்பமும் ஒரே வாரத்தில் நடக்கட்டும், ஒன்று முடிந்து இன்னொன்று என்று உட்கார வேண்டாம்.

நஃப்காவுக்கு விவாகரத்து வரை காத்திருக்கவே தேவையில்லை. 1950-ஆம் ஆண்டு மணமான பெண்கள் மற்றும் பிள்ளைகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கீழ்க் கோர்ட்டிலேயே கேட்கலாம். விவாகரத்து உயர்நீதிமன்றம் போகும், இடைக்காலத் தீர்ப்பு கிடைத்து மேலும் மூன்று மாதம் கழித்துத்தான் முழுமை அடையும். பிள்ளைகளின் சாப்பாடு அதுவரை காத்திருக்குமா? ஜேபிஜி இரண்டையும் எடுக்கும். படிவத்தில் "விவாகரத்து" என்று மட்டும் எழுதாமல், "பிள்ளைகளுக்கு உடனடிப் பராமரிப்பு" என்றும் தனியாக எழுதுங்கள். எழுதாததை யாரும் தானாகச் செய்யமாட்டார்கள்.

அந்த லாரி கம்பெனியின் பெயரைக் கண்டுபிடியுங்கள். வீட்டு முகவரியைவிட அதுதான் தங்கம். நஃப்கா உத்தரவு கிடைத்த பிறகு அவர் கட்டாவிட்டால், சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்கும்படி முதலாளிக்கு உத்தரவு வாங்க 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதலாளி யார் என்று தெரியாமல் அந்த உத்தரவை யாருக்கு அனுப்புவது? லாரிக் கதவில் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கும். பார்த்தவர் யாராவது ஒரு படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது.

மனுவைச் சார்பு செய்ய (நேரில் கொண்டுபோய்க் கொடுக்க) கணவர் சிக்கவில்லை என்றால், கோர்ட் அனுமதியோடு பத்திரிகையில் அறிவிப்புப் போடலாம். சட்ட உதவி கிடைத்தாலும் இந்த மாதிரி கைச்செலவு யார் தலையில் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். லாயர் கட்டணம் இலவசம் என்பது எல்லாமே இலவசம் என்று ஆகாது. அதே சமயம், சட்ட உதவி வழியாக நியமிக்கப்பட்டவர் தனியாக "கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள், நியமித்த இடத்தில் சொல்லுங்கள்.

பெரிய பையனுக்கு 15 என்றதால் ஒரு வார்த்தை. பிள்ளைப் பராமரிப்பு 18-இல் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள். திருத்தம் 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்தது, மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை கேட்கலாம். இதையும் மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

---

பாகான்_ஜெர்மால்:

இடையில் நுழைகிறேன். கோயிலில் தாலி கட்டியது மட்டும், பதிவு இல்லை. இதற்கும் ஜேபிஜி வருமா? அப்புறம், பாட்டி சிவப்பு ஐசி (நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை), அவருக்கு ஒய்பிஜிகே உண்டா?

---

நடைபாதை_மனு:

பதிவு இல்லையென்றால் விவாகரத்து மனுவில் முதலில் இணைக்க வேண்டிய காகிதமே இல்லை. எந்த வருஷம் கட்டியது என்பது முக்கியம்: 1982 மார்ச் 1-க்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. பின்னால் நடந்தது என்றால் சிக்கல். அதை இங்கே தட்டச்சு செய்து தீர்க்க முடியாது, ஆலோசனைக்குப் போங்கள். ஜேபிஜி வழக்கு எடுக்கும் பட்டியல் குறுகியது, ஆனால் வாய்மொழி ஆலோசனை எந்தச் சட்ட விஷயத்துக்கும் கேட்கலாம். பிள்ளை இருந்தால் பராமரிப்பு பாதிக்காது. பதிவு இல்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் கேட்க மேலே சொன்ன 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிவப்பு ஐசிக்கு ஒய்பிஜிகே கிடையாது, குடியுரிமை கேட்கும். வழக்கறிஞர் மன்றத்து மையத்துக்குப் போங்கள். அவர்கள் குடியுரிமை இல்லாதவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர், அகதிகள் விஷயமும் பார்க்கிறார்கள். முதலில் உட்கார்ந்து கேட்பவர் சேம்பரிங் மாணவராக (பயிற்சி வழக்கறிஞர்) இருப்பார், சின்னப் பிள்ளை என்று நினைக்காதீர்கள்; அவர் எழுதும் குறிப்பைத்தான் பிறகு வழக்கறிஞர் பார்ப்பார்.

பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் யாராவது படித்தால்: ஃபஸஹ் (கோர்ட் வழி மணமுறிவு), நஃப்கா, பிள்ளைப் பொறுப்பு எல்லாம் ஷரியா கோர்ட், அதையும் ஜேபிஜி நடத்தும். சமரசக் குழு, ஜேபிஎன் என்று நான் மேலே எழுதியது உங்களுக்குப் பொருந்தாது.

---

டூத்தா_படிக்கட்டு:

வேலை, கடை விவகாரத்துக்கும் இங்கே அடிக்கடி சட்ட உதவி கேட்கிறார்கள், தேவையே இல்லை. வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் நீங்களே மனு கொடுங்கள், கட்டணம் கிடையாது. லாயர் கிடைக்கட்டும் என்று காத்திருந்து 61-ஆம் நாள் போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகா. வாங்கிய பொருள், சேவை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், 50,000 வெள்ளி வரை, கட்டணம் 5 வெள்ளி.

அக்காவுக்கு இன்னொன்று: மைவி பேங்க் ஏற்கெனவே சம்மன் அனுப்பியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அனுப்பியிருந்தால் சார்பு செய்த நாளிலிருந்து 14 நாளுக்குள் முன்னிலையாவதைப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் ஒருதலைத் தீர்ப்பு. அப்படி ஒரு காகிதம் இருந்தால் ஜேபிஜி படிவத்தின் மேல் ஓரத்தில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் எழுதி, கவுண்டரில் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

---

செந்தூல்_அடுக்குமாடி:

கேட்டேன். ஒரு பழுப்பு உறை மூன்று நாள் முன்னால் வந்ததாம், பிரிக்காமல் டிவி மேல் வைத்திருக்கிறார். இப்போதே போய்ப் பிரிக்கச் சொல்கிறேன்.

---

டூத்தா_படிக்கட்டு:

உறையையும் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள், அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும். இன்னும் 11 நாள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள்.